அதிபர் டிவியில் பேசிய பிறகு நாடு ஏன் இரண்டாகப் பேசுகிறது?

அமெரிக்க அதிபர் கேமராவைப் பார்த்து நாட்டு மக்களிடம் நேரடியாகப் பேசினால், அன்றிரவே மூன்று விதமான செய்திகள் வந்துவிடும். உரையைப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குப் பிடித்திருந்தது என்று ஒரு உடனடிக் கணிப்பு சொல்லும். அதே திட்டத்தை நாட்டில் பெரும்பாலோர் எதிர்க்கிறார்கள் என்று இன்னொரு கணிப்பு சொல்லும். நடுவில் ஏதோ ஒரு ஊரின் உணவகத்தில் மைக் நீட்டப்பட்ட நான்கு பேரில் இருவர் புகழ்வார்கள், இருவர் திட்டுவார்கள். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு, மக்கள் என்னதான் நினைக்கிறார்கள் என்பதே பிடிபடாது.

பெரும்பாலும் மூன்று செய்திகளும் சரிதான். அவை வெவ்வேறு கூட்டத்தை, வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு கேள்வி கேட்டு அளந்தவை. அதைப் பிரித்துப் பார்க்க, இந்த உரை என்பது என்ன, யார் பார்க்கிறார்கள், எப்படி அளக்கிறார்கள் என்று வரிசையாகப் போகலாம். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒரே ஒரு உரையைக் கேட்டு மனம் மாறுகிறவர்கள் மிகக் குறைவு. செய்தியில் 'பிளவுபட்ட எதிர்வினை' என்று வருவதில் பெரும்பகுதி உரைக்கு முந்தைய நாளே இருந்த பிளவு.

## எந்த உரையைப் பற்றிப் பேசுகிறோம்

அதிபர் ஆண்டுக்கு ஒருமுறை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளுக்கும் முன்னால் நின்று ஆற்றும் உரை ஒரு வகை. நாட்டின் நிலை குறித்துக் காங்கிரஸுக்கு அவ்வப்போது தகவல் தரவேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. அங்கே கைதட்டல் உண்டு, எழுந்து நிற்பது உண்டு, எதிர்க்கட்சியினர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் உண்டு.

இன்னொரு வகை, இந்தக் கட்டுரை பேசும் வகை: போர், நெருக்கடி, பெரிய கொள்கை முடிவு என்று ஏதோ ஒன்று வரும்போது அதிபர் தானே நேரம் குறித்து வெள்ளை மாளிகையிலிருந்து பேசுவது. எதிரே சபை இல்லை, கேமரா மட்டும். வெள்ளை மாளிகையிலிருந்து முதன்முதலில் டிவியில் இப்படிப் பேசியவர் ஹாரி ட்ரூமன், 1947 அக்டோபர் 5 அன்று. போருக்குப் பின் பசியில் இருந்த ஐரோப்பாவுக்குத் தானியம் அனுப்ப வேண்டும், அதனால் செவ்வாய்க்கிழமை இறைச்சி வேண்டாம், வியாழக்கிழமை கோழியும் முட்டையும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அன்று டிவி வைத்திருந்த வீடுகள் சொற்பம். பெரும்பாலோர் அதை வானொலியில்தான் கேட்டார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று, இந்த உரையை டிவி நிறுவனங்கள் ஒளிபரப்பியே ஆகவேண்டும் என்று சட்டம் கிடையாது. வெள்ளை மாளிகை நேரம் கேட்கும். தரலாமா வேண்டாமா என்று நிறுவனங்கள் முடிவு செய்யும். பிரைம் டைமில் தந்தால் விளம்பர வருமானம் போகும். 2014 நவம்பர் 20 அன்று பராக் ஒபாமா குடியேற்றக் கொள்கை பற்றிப் பேசியபோது ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் ஆகிய நான்கு பெரிய நெட்வொர்க்குகளும் அதை ஒளிபரப்பவில்லை. ஸ்பானிய மொழி சேனலான யூனிவிஷன் ஒளிபரப்பியது. ஆக, அந்த உரையால் நேரடியாகப் பாதிக்கப்படும் குடும்பங்கள் நேரலையில் பார்த்தன. மற்ற பலர் மறுநாள் துண்டுகளாகப் பார்த்தார்கள். எதிர்வினை ஒரே மாதிரி இருக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

அதிபர் பேசி முடித்ததும் எதிர்க்கட்சி பதிலுரை தருவதும் வழக்கம்தான், சட்டம் இல்லை. 1966-ல் லிண்டன் ஜான்சனின் ஆண்டு உரைக்குக் குடியரசுக் கட்சியின் எவரெட் டர்க்சனும் ஜெரால்டு ஃபோர்டும் டிவியில் பதில் சொன்னதிலிருந்து அது தொடங்கியது. இந்தப் பதிலுரை வந்த பிறகு, பார்வையாளர் தானாக யோசித்துக் கருத்து உருவாக்கிக்கொள்ளக் கிடைக்கும் இடைவெளி சில நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது.

## பார்ப்பவர் யார், பார்க்காதவர் யார்

ரிச்சர்டு நிக்சன் 1969 நவம்பர் 3 அன்று வியட்நாம் போர் பற்றிப் பேசியதை சுமார் 7 கோடிப் பேர் பார்த்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அன்றைய மக்கள்தொகை 20 கோடிக்குச் சற்று மேல். மூன்றில் ஒருவர். டொனால்டு டிரம்ப் 2019 ஜனவரி 8 அன்று மெக்சிகோ எல்லைச் சுவர் பற்றிப் பேசியதைப் பார்த்தவர்கள் 4 கோடிக்குக் கொஞ்சம் மேல். மக்கள்தொகை சுமார் 33 கோடி. எட்டில் ஒருவர்.

எண்ணிக்கை குறைந்தது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், கூட்டத்தின் தன்மை மாறியது. 1969-ல் மூன்று நெட்வொர்க்குகள்தான். மூன்றிலும் அதிபர்தான் தெரிவார். வேறு எதையாவது பார்க்க உட்கார்ந்தவரும் அதிபரைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். அல்லது டிவியை அணைக்க வேண்டும். அதனால் அரசியலில் ஆர்வமே இல்லாதவரும், எந்தக் கட்சியையும் சேராதவரும் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தார்கள். மனம் மாறக்கூடியவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

கேபிள் வந்தது, அப்புறம் இணையம், அப்புறம் கைப்பேசி. பிடிக்காதவருக்கு இப்போது நூறு வழி. அதிபரை முழுசாக உட்கார்ந்து கேட்பவர்களில் அவருடைய கட்சிக்காரர்கள் கூடுதலாகவும், அவரை ஏற்கெனவே வெறுத்து, என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று உட்காருபவர்கள் அடுத்தபடியாகவும் இருக்கிறார்கள். நடுவில் நிற்பவர் விளையாட்டு பார்க்கப் போய்விட்டார். மறுநாள் அவர் காண்பது அரை நிமிடத் துண்டு. அந்தத் துண்டை வெட்டியவர் யார் என்பதைப் பொறுத்து, அதே உரை அவருக்கு வேறொரு உரை.

## நிக்சனின் மேசையில் தந்திகள்

1969 நவம்பர் 3 உரையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இந்த விஷயத்தின் எல்லாச் சிக்கலும் அதில் இருக்கிறது.

அந்த ஆண்டு அக்டோபர் 15 அன்று அமெரிக்கா முழுவதும் போர் எதிர்ப்பு ஆர்ப்பாட்டங்கள் நடந்திருந்தன. மாணவர்கள் மட்டுமில்லை, நடுத்தர வயதுக்காரர்களும் தேவாலயக் குழுக்களும் கலந்துகொண்டார்கள். அடுத்த மாதம் இன்னும் பெரிதாக வாஷிங்டனில் கூடப்போவதாக அறிவிப்பு. இந்த இரண்டுக்கும் இடையில் நிக்சன் டிவியில் வந்தார். படைகளைப் படிப்படியாகக் குறைப்போம், போரைத் தென்வியட்நாம் படையிடம் ஒப்படைப்போம், ஆனால் அவசரப்பட்டு ஓடிவர மாட்டோம் என்றார். கடைசியில், குரல் எழுப்பாமல் இருக்கும் பெரும்பான்மை மக்களே, உங்கள் ஆதரவு எனக்கு வேண்டும் என்று கேட்டார்.

உரையைக் கேட்டவர்களிடம் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் தொலைபேசியில் கேட்டபோது 77 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அதிபராக அவருடைய செயல்பாட்டை ஏற்கிறீர்களா என்ற வழக்கமான கேள்விக்குக் கிடைத்த ஆதரவு 56-லிருந்து 67 சதவீதமானது. தந்திகளும் கடிதங்களும் ஆயிரக்கணக்கில் குவிந்தன. மேசை நிறையத் தந்திகளை அடுக்கி, பின்னால் நிக்சன் சிரித்தபடி இருக்கும் புகைப்படம் பத்திரிகைகளில் வந்தது.

அந்தத் தந்திகளில் ஒரு பகுதி தானாக வந்தது இல்லை. முன்னாள் படைவீரர் சங்கங்கள் போன்ற அமைப்புகளிடம் முன்கூட்டியே பேசி, ஆதரவுத் தந்திகளுக்கு ஏற்பாடு செய்யப்பட்டிருந்ததாக நிக்சனின் உதவியாளராக இருந்த அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டு பல ஆண்டுகள் கழித்துச் சாட்சியம் சொன்னார். இன்று சமூக ஊடகத்தில் ஒரே வாசகத்துடன் ஆயிரம் பதிவுகள் வருவதைப் பார்த்து, காலம் கெட்டுவிட்டது என்று பெருமூச்சு விடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம். அதே சமயம் கேலப் எண்ணிக்கையை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஆதரவு உண்மை, அதன் காட்சிப்படுத்தல்தான் ஜோடனை.

நவம்பர் 15 அன்று வாஷிங்டனில் கூட்டம் கூடியது. குறைந்த மதிப்பீடே இரண்டரை லட்சம். உரை அவர்களைக் கரைக்கவில்லை. இரண்டு வார இடைவெளியில் ஒரே நாடு 77 சதவீத ஆதரவையும் லட்சக்கணக்கானோர் ஊர்வலத்தையும் காட்டியது. இதில் முரண்பாடு இருப்பதாகத் தோன்றினால், அன்றைய சராசரி அமெரிக்கர் என்ன நினைத்தார் என்று யோசித்துப் பாருங்கள். போர் அவருக்கு அலுத்துவிட்டது. ஆர்ப்பாட்டக்காரர்களையும் அவருக்குப் பிடிக்கவில்லை. படைகள் திரும்பி வரும், ஆனால் தோற்று வரமாட்டோம் என்று சொன்ன உரை அந்த இரண்டு உணர்வுகளுக்கும் இடம் கொடுத்தது. கேட்டவர் தனக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொண்டார்.

இதோடு முடியவில்லை. உரை முடிந்ததும் நெட்வொர்க் செய்தியாளர்கள் அதை அலசியது வெள்ளை மாளிகைக்கு எரிச்சலாக இருந்தது. பத்து நாள் கழித்து, நவம்பர் 13 அன்று, துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ அயோவா மாநிலத்தின் டெ மோய்ன் நகரில் பேசி, டிவி விமர்சகர்களை நேரடியாகத் தாக்கினார். ஊடகம் நம் பக்கம் இல்லை என்ற குற்றச்சாட்டு அமெரிக்க வலதுசாரி அரசியலின் நிரந்தரப் பகுதியானதில் அந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. உரையைக் கேட்டு உருவாகும் கருத்தோடு, உரையைப் பற்றிச் சொன்னவரை நம்பலாமா என்ற சண்டையும் அங்கிருந்து சேர்ந்துகொண்டது.

## ஒரே பேச்சு, இரண்டு காதுகள்

1951-ல் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரிகளுக்கு இடையே முரட்டுத்தனமான ஒரு கால்பந்துப் போட்டி நடந்தது. அமெரிக்கக் கால்பந்து. ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அதன் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணியினர் செய்த விதிமீறல்கள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியது, டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 1954-ல் வெளிவந்த அந்த ஆய்வில் யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஒரே படத்தில் அவரவர் கண்ணுக்குப் பட்டது வேறு.

அதிபரின் உரைக்கு இது அப்படியே பொருந்தும். அதிலும், கடந்த ஐம்பது ஆண்டுகளில் அமெரிக்கர்களுக்குக் கட்சி என்பது வெறும் ஓட்டுப் போடும் பழக்கமாக இல்லாமல் அடையாளமாகவே ஆகியிருக்கிறது. 1950-களில் குடியரசுக் கட்சி அதிபரான ஐசன்ஹோவரை, எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியினரில் சராசரியாகப் பாதிப் பேர் ஏற்றுக்கொண்டார்கள். சொந்தக் கட்சியில் அவருக்கு இருந்த ஆதரவுக்கும் எதிர்க்கட்சியில் இருந்த ஆதரவுக்கும் வித்தியாசம் 40 புள்ளிகளுக்குள்ளேயே இருந்தது. டிரம்பின் முதல் ஆட்சிக் காலத்தில் அந்த வித்தியாசம் சுமார் 80 புள்ளிகள். எதிர்க்கட்சி ஆதரவாளர்களில் பத்தில் ஒருவர்கூட அவரை ஏற்கவில்லை.

இந்த நிலையில் உரை யாரை மாற்றும்? டிரம்பின் 2019 ஜனவரி உரைக்குப் பிறகு குவினிப்பியாக் பல்கலைக்கழகம் எடுத்த கணிப்பில், அந்த உரை தங்கள் மனதை மாற்றியது என்று சொன்ன வாக்காளர்கள் 2 சதவீதம். மாற்றவில்லை என்றவர்கள் 89 சதவீதம். அதிபர் உரைகளைப் பற்றி ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளலாம்.

பேச்சாற்றல் இருந்தால் நிலைமை வேறாக இருக்கும் என்று தோன்றலாம். ரொனால்டு ரீகனை எடுத்துக்கொள்வோம். மேடைக்கும் கேமராவுக்கும் பிறந்தவர் என்று எதிரிகளே ஒப்புக்கொண்ட மனிதர். 1981 ஜூலை 27 அன்று வரிக் குறைப்புக்கு ஆதரவு கேட்டு, உங்கள் தொகுதிப் பிரதிநிதிக்குப் போன் செய்யுங்கள் என்றார். காங்கிரஸ் தொலைபேசிகள் திணறின. இரண்டு நாள் கழித்து மக்களவையில் 238-க்கு 195 என்ற கணக்கில் அவர் விரும்பியபடியே நடந்தது. அதே ரீகன் 1986 மார்ச் 16 அன்று, நிகரகுவா அரசை எதிர்த்த கான்ட்ரா படையினருக்கு 10 கோடி டாலர் உதவி கேட்டு டிவியில் மன்றாடினார். நான்கு நாளில் மக்களவை அதை 222-க்கு 210 என்று நிராகரித்தது. ஜூனில் மக்களவை இறங்கி வந்தது உண்மைதான். ஆனால் பொதுமக்கள் கருத்தை, அவர் எத்தனை முறை பேசியும், தன் பக்கம் இழுக்கவே முடியவில்லை. வரி குறைவதை மக்கள் முன்பே விரும்பினார்கள். இன்னொரு வியட்நாமை முன்பே அஞ்சினார்கள். முதல் உரை இருந்த விருப்பத்தைத் தொலைபேசிக்குத் திருப்பிவிட்டது. இரண்டாவது உரைக்குத் திருப்பிவிட எதுவுமில்லை.

## எதிர்வினையை எப்படி அளக்கிறார்கள்

செய்தியில் வரும் 'மக்கள் எதிர்வினை' பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று. எது எதுவென்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1. உடனடிக் கணிப்பு. உரைக்கு முன்பே சிலரிடம் பேசி, பார்க்கப் போகிறீர்களா என்று கேட்டு வைப்பார்கள். முடிந்ததும் அவர்களையே மறுபடி அழைத்துக் கேட்பார்கள். பார்த்தவர்களை மட்டும் கேட்பதால், அதிபரின் கட்சியினர் இதில் இயல்பாகவே கூடுதலாக இருப்பார்கள். அதனால்தான் எந்தக் கட்சி அதிபர் பேசினாலும் இந்தக் கணிப்புகள் பெரும்பாலும் சாதகமாகவே வருகின்றன. நேர்மையான சேனல்கள், எங்கள் மாதிரியில் இத்தனை பேர் இந்தக் கட்சி என்று கூடவே சொல்லும். அந்த வரி செய்தியின் கடைசியில் இருக்கும், தலைப்பில் இருக்காது.

2. நாடு தழுவிய கணிப்பு. உரையைப் பார்த்தவர், பார்க்காதவர் இருவரையும் கேட்பது. இதில் கேள்வியும் மாறுகிறது: உரை எப்படி இருந்தது என்பதற்குப் பதில், திட்டத்தை ஆதரிக்கிறீர்களா என்று வரும். 2007 ஜனவரி 10 அன்று ஜார்ஜ் டபிள்யூ புஷ் ஈராக்குக்குக் கூடுதலாக 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பப் போவதாக அறிவித்த இரவிலேயே ஏபிசியும் வாஷிங்டன் போஸ்டும் எடுத்த கணிப்பில் 61 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். நன்றாகப் பேசினார், ஆனால் அனுப்பக் கூடாது என்று ஒரே ஆள் சொல்ல முடியும் என்பதை மறந்துவிடுகிறோம்.

3. டயல் குழு. இருபது, முப்பது பேரை ஒரு அறையில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு சுழற்றும் கருவி கொடுப்பார்கள். பிடித்தால் ஒரு பக்கம், பிடிக்காவிட்டால் மறுபக்கம். அதிபர் பேசப் பேசத் திரையின் அடியில் கோடு ஏறி இறங்கும். எந்த வாக்கியம் எடுபட்டது என்று உரை எழுதுபவர்கள் கற்றுக்கொள்ள இது நல்ல கருவி. நாடு என்ன நினைக்கிறது என்பதற்கு இருபது பேர் போதாது.

4. தெருப் பேட்டி. நான்கிலும் மோசமானது. ஆதரவாளர் இருவர், எதிர்ப்பாளர் இருவர் என்று செய்தியாளரே சமன் செய்து எடுக்கிறார். 61 சதவீதம் எதிர்த்தாலும், 90 சதவீதம் ஆதரித்தாலும், திரையில் அது இரண்டுக்கு இரண்டுதான். நாடு சரிபாதியாகப் பிளந்து கிடப்பதாக நமக்குத் தோன்றுவதற்கு இந்தப் பேட்டிகள் பெரிய காரணம். ஒருவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள மட்டும் இவை உதவும். எத்தனை பேர் என்பதற்கு உதவாது.

## மக்கள் ஒன்றாகக் கேட்ட இரவுகள்

எல்லா உரையும் வீண் என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு, அவற்றில் ஒரு பொதுத்தன்மையும் உண்டு.

1933 மார்ச் 12, ஞாயிறு இரவு. டிவி காலத்துக்கு முந்தையது என்றாலும் இந்த வகை உரைக்கெல்லாம் மூலம் அதுதான். வங்கிகள் ஒவ்வொன்றாக முழுகிக்கொண்டிருந்தன. பயத்தில் மக்கள் பணத்தை எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பதவியேற்ற சில நாளிலேயே ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நாட்டிலுள்ள எல்லா வங்கிகளையும் மூடச் சொன்னார். பிறகு வானொலியில் வந்து, வங்கி என்பது என்ன என்று விளக்கினார். நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டகத்தில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் முதலீடாகவும் வெளியே போட்டிருக்கிறது, எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் நல்ல வங்கியால்கூடக் கொடுக்க முடியாது. எந்த வங்கி எந்த நாளில் திறக்கும், சில வங்கிகள் மறுநாளே திறக்காவிட்டால் அதற்கு என்ன அர்த்தம். அவ்வளவுதான் உரை. அலங்காரம் கிட்டத்தட்ட இல்லை.

மறுநாள் வங்கிகள் திறந்தபோது, பணம் எடுக்க நின்ற வரிசைகள் பணம் போடும் வரிசைகளாக இருந்தன. பதுக்கப்பட்ட ரொக்கத்தில் பாதிக்கு மேல் இரண்டு வாரத்தில் வங்கிக்குத் திரும்பியது. மூடியிருந்த பங்குச் சந்தை மார்ச் 15 அன்று திறந்தபோது டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 15 சதவீதத்துக்கு மேல் ஏறியது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் புஷ் செப்டம்பர் 20 அன்று பேசியதை 8 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அடுத்த நாட்களில் கேலப் கணிப்பில் அவருடைய ஆதரவு 90 சதவீதம். இதற்கு, கொடியைச் சுற்றித் திரள்வது என்று அரசியல் ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நாட்டுக்கு வெளியிலிருந்து திடீர் ஆபத்து வரும்போது மக்கள் கட்சியை ஒதுக்கிவிட்டு அதிபரின் பின்னால் நிற்பது. 1970-ல் ஜான் முல்லர் என்ற ஆய்வாளர் இதை முதலில் எண்களோடு விளக்கினார். ஆபத்து பழகியதும் திரள் கலையும் என்பதும் அதே விளக்கத்தின் பகுதி. ஆறே ஆண்டில் அதே புஷ்ஷின் ஈராக் திட்டத்தை 61 சதவீதம் பேர் எதிர்த்ததை மேலே பார்த்தோம்.

இந்த இரண்டு இரவுகளிலும் பிரச்சினை எல்லோருக்கும் பொதுவாகவும் புதிதாகவும் இருந்தது; எதிர்க்கட்சி எதிர்க்கவில்லை. வங்கி உரையில் கூடுதலாக, கேட்பவர் மறுநாள் காலை என்ன செய்யவேண்டும் என்பதும் தெளிவாக இருந்தது. எதிர்க்கட்சி வாய் திறக்காத வரை கட்சி ஆதரவாளருக்கு எதிர்க்கத் தோன்றுவதில்லை. இதுதான் பலரும் கவனிக்காத விஷயம் என்பது என் கருத்து: மக்கள் பிளவுக்கு அதிபரின் சொற்களைவிட, எதிர்க்கட்சித் தலைவர்கள் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன சொல்கிறார்கள் என்பதே பெரிய காரணம்.

விசித்திரமான இன்னொரு விதிவிலக்கும் உண்டு. 1968 மார்ச் 31 அன்று லிண்டன் ஜான்சன் வியட்நாம் மீதான குண்டுவீச்சைக் குறைப்பதாக அறிவித்துவிட்டு, கடைசியில் மறுபடி தேர்தலில் நிற்கப் போவதில்லை என்றார். 36 சதவீதமாக இருந்த ஆதரவு 49 ஆனது. போகிறேன் என்று சொன்னதும் பிடித்துப்போனது.

## ஏறிய ஆதரவு ஏன் தங்குவதில்லை

ஜிம்மி கார்ட்டரின் 1979 ஜூலை 15 உரை இதற்குப் பாடநூல் உதாரணம். பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட வரிசை. ஜூலை முதல் வாரத்தில் பேசுவதாக இருந்த உரையை ரத்து செய்துவிட்டு, கேம்ப் டேவிட் மலை வாசஸ்தலத்துக்குப் போய்ப் பத்து நாட்கள் பலதரப்பட்ட மனிதர்களை வரவழைத்துப் பேசினார். திரும்பி வந்து டிவியில், பிரச்சினை பெட்ரோல் மட்டுமில்லை, நமக்கு நம்மீதே நம்பிக்கை போய்விட்டது, பொருள் வாங்கிக் குவிப்பதில் வாழ்க்கையின் அர்த்தம் தேடுகிறோம் என்றார். தன்னைப் பற்றிப் பிறர் சொன்ன குறைகளையும் வாசித்துக் காட்டினார்.

இன்று பலரும் இதைத் தோல்வியடைந்த உரையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அன்றிரவு அப்படி இல்லை. ஆதரவு 11 புள்ளி ஏறியது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாராட்டு. பிறகு இரண்டு நாள் கழித்து, ஜூலை 17 அன்று, அமைச்சரவை முழுவதையும் ராஜினாமாக் கடிதம் தரச் சொன்னார். ஐந்து பேர் வெளியேறினார்கள். அரசாங்கமே ஆட்டம் காண்கிறது என்ற எண்ணம் பரவி, ஏறிய புள்ளிகள் இறங்கின. அதற்குப் பிறகுதான் அந்த உரை மக்களைத் திட்டிய உரையாக மறுவாசிப்பு பெற்றது. ஒரு உரைக்கான எதிர்வினை என்பது உரை முடிந்த நொடியில் உறைந்துவிடுவதில்லை. அடுத்த வாரம் நடப்பது போன வாரம் கேட்டதையே மாற்றி எழுதிவிடும்.

## அப்படியானால் ஏன் பேசுகிறார்கள்

மனம் மாறாது என்று ஆலோசகர்களுக்கும் தெரியும். ஆனாலும் அதிபர்கள் நேரம் கேட்டு வருகிறார்கள். சொந்தக் கட்சிக்காரர்கள் தளராமல் பார்த்துக்கொள்வது ஒரு காரணம். எதைப் பற்றி நாடு பேசவேண்டும் என்பதை ஒரு வாரத்துக்காவது தீர்மானிப்பது இன்னொன்று.

இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. காங்கிரஸ் வாக்கெடுப்புகளை ஆராய்ந்த அரசியல் அறிஞர் பிரான்சிஸ் லீ, அதிபர் ஒரு விஷயத்தைத் தன் திட்டமாக அறிவித்ததும், அதுவரை கட்சிச் சாயம் இல்லாத விஷயத்தில்கூட இரு கட்சிகளும் எதிரெதிராகப் பிரிவது கூடுகிறது என்று காட்டினார். காரணம் எளிது: அதிபர் ஜெயித்தால் அவர் கட்சிக்கு லாபம், எதிர்க்கட்சிக்கு நஷ்டம். ஆக, மக்களை ஒன்று சேர்ப்பதற்கென்று ஆற்றும் உரையே சில சமயம் பிளவை ஆழப்படுத்துகிறது.

கொள்கையை விளக்குவதற்குப் பதில் குழப்பினால் விளைவு இன்னும் வேகமாக வரும். 2020 மார்ச் 11 இரவு டிரம்ப் கொரோனா பற்றிப் பேசியபோது, ஐரோப்பாவிலிருந்து வருவோருக்கான பயணத்தடை சரக்குகளுக்கும் பொருந்தும் என்பதுபோல் வாசித்துவிட்டார். அன்றிரவே திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. தங்களுக்கும் தடையோ என்று ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கர்கள் நள்ளிரவில் விமான நிலையங்களுக்கு ஓடினார்கள். மறுநாள் டவ் ஜோன்ஸ் கிட்டத்தட்ட 10 சதவீதம் விழுந்தது. தொற்று பற்றிய மற்ற செய்திகளும் அதற்குக் காரணம் என்றாலும், உரை பயத்தைக் குறைக்கவில்லை என்பது உறுதி. 1933-ல் நடந்ததற்கு நேர் எதிர்.

எல்லைச் சுவர் உரைக்கு வருவோம். 2018 டிசம்பர் 22 முதல், சுவருக்கு 570 கோடி டாலர் கேட்ட அதிபருக்கும் தர மறுத்த ஜனநாயகக் கட்சிக்கும் இடையிலான இழுபறியால் அரசாங்கத்தின் ஒரு பகுதி மூடிக் கிடந்தது. சுமார் 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. ஜனவரி 8 அன்று டிரம்ப் பேசினார்; உடனே ஜனநாயகக் கட்சித் தலைவர்களான நான்சி பெலோசியும் சக் ஷூமரும் பதில் சொன்னார்கள். இரு பக்கத்து ஆதரவாளர்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மூன்று நாளில் ஊழியர்களின் முதல் சம்பள நாள் வெறும் கையோடு கடந்தது. ஜனவரி 25 அன்று, சம்பளமில்லாமல் வேலை பார்த்துவந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களில் சிலர் விடுப்பு எடுக்க, நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் விமானங்கள் நின்றன. அன்று பிற்பகலே, சுவருக்கு ஒரு டாலரும் இல்லாத மூன்று வார நிதி ஏற்பாட்டை டிரம்ப் ஏற்றுக்கொண்டார்.